நீளமான டிரையர் குழாய்: வளைவை மாற்றுவதா, ஃபேன் வைப்பதா, குழாயே வேண்டாம் என்பதா?

முன்பு முக்கால் மணியில் காய்ந்த துணி இப்போது ஒன்றரை மணி ஓடியும் ஈரமாகவே வருகிறது என்றால், பழி முதலில் டிரையர் மேல்தான் விழும். ஹீட்டர் போய்விட்டதா, தெர்மோஸ்டாட் கெட்டதா என்று ஆளைக் கூப்பிட்டுக் காட்டினால், பல சமயம் இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்காது. கோளாறு சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் கண்ணில் படாமல் ஓடும் நான்கு அங்குலக் குழாயில் இருக்கும்.

காற்றை வெளியேற்றும் டிரையர் அறைக் காற்றை இழுத்துச் சூடாக்கி, ஈரத் துணியின் ஊடே அனுப்பி, ஈரத்தோடு சேர்த்து வெளியே தள்ளுகிறது. 5 கிலோ பருத்தித் துணி பிழிந்து வரும்போது இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். அவ்வளவும் ஆவியாகிக் குழாய் வழியாகத்தான் போயாக வேண்டும். அதற்காக நிமிடத்துக்குச் சுமார் 150 கன அடி, அதாவது வினாடிக்கு 70 லிட்டர் காற்று ஓட வேண்டும். ஆனால் அதைத் தள்ளும் உள் ஃபேனுக்குப் பெரிய பலம் கிடையாது. குழாயின் எதிர்ப்பு 150 பாஸ்கலைத் தாண்டக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். 150 பாஸ்கல் என்பது தண்ணீரை 15 மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தின் அகலம் அளவுக்கு உயர்த்தும் அழுத்தம். அவ்வளவுதான் கையிருப்பு. ஒவ்வொரு அடி குழாயும், குழாயைத் திருப்பும் எல்போ எனும் ஒவ்வொரு வளைவுத் துண்டும், வெளிச்சுவரில் உள்ள மூடியும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும்.

காற்று குறைந்தால் துணி மெதுவாகக் காய்வதோடு முடிவதில்லை. ஹீட்டரைச் சுற்றி வெப்பம் தேங்கும், பாதுகாப்பு தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டும், ஒரு நாள் தெர்மல் ஃபியூஸ் போய்விடும். குழாயில் வேகம் குறைவதால் பஞ்சுத்தூசி வழியிலேயே படியும், படிந்த பஞ்சு வேகத்தை இன்னும் குறைக்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2008–2010 கணக்குப்படி அந்த நாட்டுக் குடியிருப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் பதிவாயின. அவற்றில் 34 சதவீதத்துக்குக் காரணம் சுத்தம் செய்யாமல் விட்டது.

குழாய்தான் காரணமா?

செலவு செய்யும் முன் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆறு துண்டுகளை நனைத்து, வழக்கமான வேகத்தில் பிழிந்து எடை போடுங்கள். டிரையரில் 20 நிமிடம் ஓட்டி மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடைதான் அந்த 20 நிமிடத்தில் போன தண்ணீர். டிரையர் ஆறியதும் பின்புறக் குழாயைக் கழற்றிவிட்டு, அதே துண்டுகளை அதேபோல் நனைத்துப் பிழிந்து இன்னொரு முறை செய்யுங்கள். குழாய் இல்லாமல் வெளியேறும் தண்ணீர் மிகவும் அதிகமாக இருந்தால் குறை குழாயில் இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்றால் டிரையருக்குள் பாருங்கள். இது மின்சார டிரையருக்கு மட்டுமான சோதனை. எரிவாயு டிரையரின் குழாயை எக்காரணம் கொண்டும் கழற்றி ஓட்டக் கூடாது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். மின்சார டிரையரிலும் பஞ்சு அறையெங்கும் பறக்கும், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். டிரையர் சின்ன அறைக்குள் கதவு மூடிய நிலையில் ஓடுகிறதா? நிமிடத்துக்கு 150 கன அடி வெளியே போக வேண்டுமானால் அவ்வளவு காற்று உள்ளேயும் வர வேண்டும். கதவைத் திறந்துவைத்ததும் துணி சீக்கிரம் காய்கிறது என்றால் குழாய்மேல் குற்றமில்லை. கதவில் காற்று புகும் இடைவெளிகள் கொண்ட சட்டம் (லூவர்) வைத்தால் போதும். திறப்பு குறைந்தது 100 சதுர அங்குலம், சுமார் 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர், இருக்க வேண்டும்.

மேனோமீட்டர் எனும் அழுத்தமானி கையில் இருந்தால் பதில் இன்னும் தெளிவாகும். டிரையரை விட்டு ஒரு அடி தள்ளி, உலோகக் குழாயில் சின்னத் துளை போட்டு, துணி போடாமல் சூடில்லாமல் ஓட்டி அளக்க வேண்டும். 150 பாஸ்கலுக்கு மேல் காட்டினால் குழாயில் அடைப்போ, எதிர்ப்பு அதிகமோ. அழுத்தமும் குறைவு, வெளி மூடியில் வரும் காற்றும் குறைவு என்றால் கதை வேறு. குழாய் நடுவில் எங்கோ கழன்று பரணுக்குள் ஈரக் காற்றைக் கொட்டிக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் டிரையரின் சொந்த ஃபேனோ வடிகட்டியோ சரியில்லை. அளந்து முடித்ததும் துளையை ஃபாயில் டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

அடிக்கணக்கும் வளைவுக்கணக்கும்

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் அடிப்படையாகக் கொள்ளும் ஐஆர்சி எனும் குடியிருப்புக் கட்டட விதி டிரையர் குழாய்க்கு 35 அடி, அதாவது 10.7 மீட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறது. டிரையர் தயாரிப்பாளர் கையேட்டில் அதிக நீளம் அனுமதித்திருந்தால் அதைப் பின்பற்றலாம். வேறு நாட்டில் இருந்தாலும் இந்தக் கணக்கு முறை உதவும், ஏனென்றால் அது வளைவுகளையும் அடியாக மாற்றிக் காட்டுகிறது. 4 அங்குல ஆரமுள்ள சாதாரண மடிப்பு எல்போவில் 90 டிகிரிக்கு ஒன்று 5 அடி நேர்க் குழாய்க்குச் சமம், 45 டிகிரிக்கு ஒன்று இரண்டரை அடி. ஆனால் உட்புறம் வழுவழுப்பான, ஆரம் பெரிய எல்போ என்றால் எண்கள் சடாரென்று இறங்கிவிடும். 6 அங்குல ஆரத்தில் 90 டிகிரி வளைவு 1 அடி 9 அங்குலம்தான். 10 அங்குல ஆரத்தில் ஒன்றரை அடி.

உதாரணமாக வீட்டின் நடுவில் டிரையர். குழாய் சுவரில் 8 அடி ஏறி, கூரைக்கு அடியில் 20 அடி ஓடி வெளிச்சுவரில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நேர் நீளம் 28 அடி. வழியில் 90 டிகிரி வளைவுகள் நான்கு. கடையில் முதலில் கைக்குக் கிடைக்கும் மடிப்பு எல்போ போட்டிருந்தால் 28-உம் 20-உம் 48 அடி. வரம்பைத் தாண்டி 13 அடி. அந்த நான்கையும் 6 அங்குல ஆர எல்போவாக மாற்றினால் 28-உம் 7-உம், சரியாக 35. பத்து அங்குல ஆரமானால் 34. குழாயை ஓர் அங்குலம்கூடச் சுருக்காமல் 14 அடி மிச்சம். “நீளம் அதிகம், ஃபேன் வைத்தால்தான் சரிப்படும்” என்று சொல்லப்படும் பல வீடுகளில் கணக்கு இதுதான். நீளத்தைவிட வளைவுதான் காற்றைத் தின்னுகிறது.

டிரையருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வளையும் இணைப்புக் குழாய் இந்த 35 அடியில் சேராது. விதிப்படி சேராது என்பதற்காகக் காற்று அதைச் சும்மா விட்டுவிடாது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதல் வழி: இருக்கும் குழாயைத் திருத்துவது

எந்த வீடாக இருந்தாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற வழிகளுக்குப் போனாலும் இந்த வேலை வீணாகாது. இதை விட்டுவிட்டு ஃபேன் வைத்தால் ஃபேனும் தோற்கும்.

டிரையரின் முதுகுப்புறத்தை முதலில் பாருங்கள். டிரையரைச் சுவரோடு தள்ளி வைக்கும்போது அங்குள்ள வளையும் குழாய் அப்பளமாய் நசுங்குகிறது. நான்கு அங்குல வட்டம் ஒன்றரை அங்குலப் பிளவாக மாறினால், அதற்கப்பால் எவ்வளவு நல்ல குழாய் போட்டும் பயனில்லை. கம்பிச் சுருள் மேல் மெல்லிய ஃபாயில் சுற்றிய குழாயை எடுத்துவிட்டு, விறைப்பான அலுமினிய நெளிவுக் குழாய் போடுங்கள். தேவையான நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். 8 அடிக் குழாயை 3 அடி இடைவெளிக்குள் பாம்பு போலச் சுருட்டி அடைத்து வைப்பது மிகவும் பரவலான தவறு. இணைப்புக் குழாய், யூஎல் எனும் அமெரிக்கப் பாதுகாப்புச் சான்று அமைப்பின் 2158ஏ தரச் சான்று பெற்றதாக, ஒரே துண்டாக, 8 அடிக்கு மிகாமல் இருக்க வேண்டும். அது சுவருக்குள்ளோ தளத்துக்குள்ளோ மறையக் கூடாது. வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் இருந்தால் யோசிக்காமல் தூக்கி எறியுங்கள், தீப்பிடித்தால் அதுவே எரியும்.

பின்னால் இடமே இல்லையென்றால், சுவருக்குள் பதிக்கும் உலோகப் பெட்டி ஒன்று உண்டு. குழாய் அந்தப் பள்ளத்துக்குள் வளைந்துகொள்ளும், டிரையர் சுவரை ஒட்டி நிற்கும். சில டிரையர்களில் காற்றுப்போக்கியைப் பக்கவாட்டிலோ அடியிலோ திருப்பிக்கொள்ளவும் முடியும், ஒரு முழு வளைவு மிச்சமாகும். பெரிஸ்கோப் என்று விற்கும் தட்டையான நீள்சதுரக் குழாயும் இதே வேலைக்குத்தான் வருகிறது. இடம் மிச்சமாகும், காற்றுக்கு எதிர்ப்பு கூடும், மூலைகளில் பஞ்சு தங்கும். பெட்டி பதிக்கவே முடியாத சுவராக இருந்தால் மட்டும் அதை எடுங்கள்.

அடுத்து நீண்ட ஓட்டம். முழுவதும் வழுவழுப்பான உலோகக் குழாயாக இருக்க வேண்டும். தகடு குறைந்தது 28 கேஜ், அதாவது 0.4 மில்லிமீட்டர். நெளிவுக் குழாயின் ஒவ்வொரு மடிப்பும் பஞ்சுக்கு ஒரு படிக்கட்டு, அதே நீளத்துக்குக் காற்றெதிர்ப்பும் குறைந்தது இரு மடங்கு. பரணில் 20 அடிக்கு அந்த நெளிவுக் குழாய் ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தால் பழுது பார்ப்பதை விடுங்கள், முழுக்க மாற்றுங்கள். தொங்கும் பள்ளத்தில் ஈரம் குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும், அதில் பஞ்சு ஊறிக் களிமண் போல் இறுகிவிடும்.

இணைப்பில் எது எதற்குள் போகிறது என்பது முக்கியம். காற்று போகும் திசையில், முந்தைய துண்டின் சுருங்கிய முனை அடுத்த துண்டின் வாய்க்குள் போக வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு விளிம்பு காற்றை எதிர்த்து நிற்கும், பஞ்சு அங்கே மாட்டிக்கொள்ளும், ஈரமும் வெளியே கசியும். ஸ்க்ரூ உள்ளே 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது. அரை அங்குல ஸ்க்ரூ மூன்றை ஒரு இணைப்பில் போட்டுவிட்டால் அது பஞ்சுக்கு மூன்று கொக்கி. பிறகு சுத்தம் செய்யும் தூரிகையும் அங்கேதான் சிக்கும். வெளிப்புறத்தை அலுமினியம் ஃபாயில் டேப்பால் ஒட்டுங்கள். சாம்பல் நிறத் துணி டேப்பின் பசை சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிடும்.

கிடையாக ஓடும் பகுதிக்கு வெளிப்பக்கம் பார்த்து ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். சூடேற்றாத பரண் வழியாகப் போனால் குழாயைச் சுற்றி வெப்பக் காப்பு போர்த்துங்கள். குளிரில் உள்ளே பனித்துச் சொட்டும் தண்ணீர் சரிவு இல்லாத இடமாகப் பார்த்துத்தான் தேங்கும்.

கடைசியாக வெளி மூடி. நான்கு அங்குல வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர அங்குலம். வெளியே திறக்கும் வழியும் அதற்குக் குறையக் கூடாது. லூவர் போலப் பல சட்டங்கள் கொண்ட மூடியிலும், அடக்கமான சின்ன மூடியிலும் திறந்த பரப்பு அதைவிடக் குறைவாகிவிடும். ஒரே அகன்ற மடலுள்ள பெட்டி வடிவ மூடிதான் நல்லது. பறவை வராமல் இருக்கக் கம்பி வலை வைக்கத் தோன்றும், வைக்கக் கூடாது. சில வாரங்களில் பஞ்சு அதில் கம்பளி போல நெய்துவிடும். டிரையர் ஓடும்போது மடல் நன்றாக அகலத் திறந்து நிற்கிறதா, வெறுமனே துடிக்கிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள். கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய முதல் பரிசோதனை இதுவே. கூரை வழியாக வெளியேறினால் டிரையருக்கென்றே செய்த, வலை இல்லாத கூரை மூடி வேண்டும். பொதுவான காற்றுப்போக்கி மூடி பொருத்திய இடங்களில் முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஈரப் பஞ்சு அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது வழி: அகலமான குழாய்

பெரிய குழாய் போட்டால் காற்று சுலபமாகப் போகுமே என்பது நியாயமான கேள்வி. எதிர்ப்பு விஷயத்தில் அது உண்மை. விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் எதிர்ப்பு குறைகிறது. வினாடிக்கு 70 லிட்டர் காற்று ஓடும்போது 10 மீட்டர் நேர்க் குழாயில் இழக்கும் அழுத்தம் 4 அங்குலத்தில் ஏறத்தாழ 115 பாஸ்கல், 5 அங்குலத்தில் 38, 6 அங்குலத்தில் 15.

பஞ்சின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை மாறுகிறது. காற்றின் வேகம் 4 அங்குலத்தில் வினாடிக்கு 8.7 மீட்டர், 5-இல் 5.6, 6-இல் 3.9. பஞ்சைப் படியவிடாமல் அடித்துக்கொண்டு போக வினாடிக்கு 6 மீட்டர் வேண்டும் என்பது துறையில் கொள்ளும் அளவு. 6 அங்குலக் குழாய் முதல் நாளில் அருமையாக வேலை செய்யும், கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பகுதியில் மெத்தை விரிக்கும். செங்குத்தாக ஏறும் பகுதியில் இன்னும் மோசம், ஏற முடியாத பஞ்சு அடியிலுள்ள எல்போவில் வந்து குவியும். 5 அங்குலம் எல்லைக் கோட்டில் இருக்கிறது. அதனால்தான் ஐஆர்சி விதி 4 அங்குலம் என்று கறாராகச் சொல்கிறது. கையேடு வெளிப்படையாக அனுமதித்து, பாதை முழுவதும் கிடையாக, சுத்தம் செய்யத் திறப்போடு இருந்தால் 5 அங்குலத்தை யோசிக்கலாம். 6 அங்குலம் வேண்டாம்.

மூன்றாவது வழி: பூஸ்டர் ஃபேன்

எல்போக்களை மாற்றியும் கணக்கு வரம்பைத் தாண்டுகிறது, சுவரை உடைக்கவும் முடியாது என்ற நிலையில்தான், குழாயின் நடுவில் பொருத்திக் காற்றைத் தள்ளிவிடும் இந்தத் துணை ஃபேனுக்கு இடம். வாங்கும்போது டிரையர் வெளியேற்றத்துக்கென்றே யூஎல் 705 தரத்தில் சான்று பெற்றதா என்று பாருங்கள். குளியலறைக் காற்றை இழுக்க விற்கும் குழாய் ஃபேனை இதில் வைக்கவே கூடாது. அதன் இறக்கைகளில் பஞ்சு சுற்றிக்கொள்ளும், மோட்டார் சூடான ஈரப் பஞ்சு ஓடும் பாதையிலேயே உட்கார்ந்திருக்கும்.

எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். டிரையருக்கு அருகில் வைத்தால் சுலபம் என்று வைத்துவிடுவார்கள். தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்பது டிரையரிலிருந்து குறைந்தது 15 அடி, சுமார் நாலரை மீட்டர் தள்ளி. அருகில் இருந்தால் பஞ்சும் வெப்பமும் நேராக ஃபேனில் வந்து மோதும். அதற்குக் குறைவாகத்தான் வைக்க முடியும் என்றால் நடுவில் இரண்டாவது பஞ்சு வடிகட்டி வேண்டியிருக்கும். அதையும் ஒவ்வொரு முறையும் எடுத்துத் துடைக்க வேண்டும், நடைமுறையில் யாரும் துடைப்பதில்லை. ஃபேனைப் பராமரிக்கக் கைக்கு எட்டும் இடமாகவும் இருக்க வேண்டும். ஜிப்சம் பலகைக்கு மேலே மூடி வைத்த ஃபேன் ஒரு நாள் அடைப்பாகத்தான் மாறும்.

ஃபேனை எது தொடங்கிவைக்கிறது என்பதையும் கேளுங்கள். சிலவற்றில் குழாயில் ஏறும் அழுத்தத்தை உணரும் சுவிட்ச். அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் குழலில் பஞ்சு அடைத்தால் சுவிட்சுக்கு ஒன்றும் தெரியாது, ஃபேன் ஓடாது, அசையாத இறக்கைகள் பாதையை மறித்துக்கொண்டு நிற்கும். ஃபேனே இல்லாத குழாயைவிட அது மோசம். டிரையர் இழுக்கும் மின்னோட்டத்தை உணர்ந்து தொடங்கும் வகையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மின்சார வேலை கொஞ்சம் கூடும். எதுவாக இருந்தாலும், ஃபேன் நின்றால் சுவரில் சிவப்பு விளக்கு எரியும் மாதிரி உள்ளதை எடுங்கள். விளக்கைத் துணி போடுபவரின் கண்ணுக்கு நேரே பொருத்துங்கள்.

பலம் கூடினால் நல்லது என்று நினைப்பதும் தவறு. தேவைக்கு மிகப் பெரிய ஃபேன் டிரையருக்கும் தனக்கும் நடுவிலுள்ள பகுதியை உறிஞ்சத் தொடங்கும். ஹீட்டர் சூடாக்கக்கூடியதைவிட அதிகக் காற்று டிரம் வழியே ஓடும், காற்று போதிய சூடு ஏறாமலே வெளியே போய்விடும், நேரம் குறையாது. அடைப்பையும் ஃபேன் நீக்காது. சுத்தம் செய்யாத குழாயில் ஃபேன் வைத்தால் முதல் சில வாரம் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து இறக்கையைத் துடைப்பதற்குத் தயாரில்லை என்றால் இந்த வழி உங்களுக்கில்லை.

நான்காவது வழி: டிரையரை மாற்றுவது அல்லது நகர்த்துவது

சில டிரையர்களின் உள் ஃபேன் பலமானது, கையேட்டில் 60 அடிக்கு மேலும் அனுமதி இருக்கும். நீளக் குழாய்க்கென்றே விற்கும் மாடல்கள் நூறு அடியைத் தாண்டியும் போகும். புதிய டிரையர் வாங்கும் நேரம் வந்துவிட்டால் நிறத்தையும் கொள்ளளவையும் பார்ப்பதற்கு முன் நிறுவல் கையேட்டிலுள்ள நீள அட்டவணையைப் பாருங்கள். எல்போ எண்ணிக்கை கூடக் கூட அனுமதி நீளம் எவ்வளவு இறங்குகிறது என்பது அதில் இருக்கும். உங்கள் வெளி மூடி எந்த வகையோ அந்தப் பத்தியைப் படியுங்கள், சின்ன மூடிக்கு எண் குறைவாகத்தான் இருக்கும்.

வெளிச்சுவரை ஒட்டி டிரையரை நகர்த்த முடியுமானால் மற்ற எல்லா வழிகளையும்விட அது மேல். இரண்டு அடிக் குழாய், ஒரு வளைவு, கதை முடிந்தது. மின் இணைப்பையோ எரிவாயுக் குழாயையோ நகர்த்தும் வேலைதான் இதில் பாரம்.

ஐந்தாவது வழி: குழாயே இல்லாத டிரையர்

ஹீட் பம்ப் டிரையர் சூடான ஈரக் காற்றை வெளியே தள்ளாது. குளிர்ந்த பகுதியில் ஈரத்தைத் தண்ணீராக்கி இறக்கிவிட்டு, அதே காற்றை மறுபடி சூடாக்கித் துணிக்கு அனுப்பும். தண்ணீர் ஒரு தொட்டியில் சேரும், அல்லது வடிகாலுக்கு ஒரு மெல்லிய ஹோஸ் போட்டால் அதன் வழியே போய்விடும். சாதாரண மின்சார டிரையர் ஒரு முறைக்கு 3 முதல் 4 யூனிட் இழுக்கிறது என்றால் இதற்கு 1 முதல் 2 யூனிட் போதும். துணியும் குறைந்த சூட்டில் காய்வதால் நைந்துபோவது குறைவு.

பொறுமைதான் இங்கே விலை. முழுச் சுமைக்கு இரண்டு முதல் மூன்று மணி நேரம். வாரக் கடைசியில் ஐந்து சுமையை அடுத்தடுத்துப் போடும் வீட்டில் இது சரிப்பட்டு வராது. தினம் ஒன்று போடுபவர்களுக்குத் தொந்தரவே தெரியாது. பராமரிப்பும் உண்டு. கதவு வடிகட்டியைத் தாண்டி வரும் நுண்பஞ்சு குளிர்ச் சுருளின் மெல்லிய தகடுகளில் ஈரத்தோடு ஒட்டிப் படியும். அங்கே கை எட்டும்படி மூடி உள்ள மாடலாக வாங்குங்கள். தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று சொல்லும் மாடல்களில், அந்த அமைப்பு தோற்றால் பிரித்துப் பார்க்கப் பெரிய வேலை.

இதே வரிசையில் பழைய கண்டென்சர் வகையும் கிடைக்கும். அதற்கும் குழாய் வேண்டாம். ஆனால் ஹீட்டரின் வெப்பம் முழுவதையும் அறையிலேயே கொட்டும், மின்சாரமும் மிச்சமாகாது. ஹீட் பம்ப் கிடைக்கும் இடத்தில் இதை வாங்கக் காரணம் இல்லை. எரிவாயு டிரையரில் குழாயில்லாத வகை கிடையாது.

குழாயை விட்டுவிட முடிவு செய்தால் பழைய குழாயை அப்படியே திறந்து போட்டுவிடாதீர்கள். இரு முனையிலும் மூடி, வெளிப்பக்கம் வெப்பக் காப்போடு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் குளிரும் எலியும் உள்ளே வரும் வழியாக அது மாறும்.

தண்ணீர் வாளி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் குழாயை விட்டு வீட்டுக்குள்ளேயே காற்றை வெளியேற்றும் உட்புறப் பஞ்சுப் பொறியும் விற்கிறார்கள். மூன்று லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி அறைச் சுவரில் பூசுவதற்குச் சமம். பூஞ்சை வளர்க்க ஆசை இருந்தால் வாங்குங்கள்.

எந்த வீட்டுக்கு எது

சமன்நீளம், அதாவது வளைவுகளையும் அடியாக மாற்றிக் கூட்டிய நீளம், 35 அடிக்குள், ஆனாலும் மெதுவாகக் காய்கிறது என்றால் சுத்தம் செய்து, பின்புற இணைப்பையும் வெளி மூடியையும் மாற்றினால் போதும். ஒரு மதியத்தில் முடிகிற வேலை. 35-க்கும் 50-க்கும் நடுவில் என்றால் எல்போக்களைத் தேடிப் போங்கள். பரணில் கை எட்டும் வளைவுகள் இரண்டை மாற்றினாலே பல வீடுகள் வரம்புக்குள் வந்துவிடும். ஒரு 90-ஐ இரண்டு 45-ஆகப் பிரித்து நடுவில் இரண்டு அடி நேர்க் குழாய் விடுவதும் உதவும். விதியின் அட்டவணையில் மடிப்பு எல்போக்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும், பஞ்சு தங்குவது குறையும், தூரிகையும் சுலபமாகத் திரும்பும்.

50-ஐத் தாண்டி, சுவருக்குள் எதையும் தொட முடியாத அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் தேர்வு பூஸ்டர் ஃபேனுக்கும் ஹீட் பம்புக்கும் இடையில். டிரையர் புதிது, எரிவாயுவில் ஓடுவது, அல்லது சுமைகள் அதிகம் என்றால் ஃபேன். டிரையர் எப்படியும் மாற்ற வேண்டியது, வீட்டில் இருவர் மூவர்தான் என்றால் ஹீட் பம்ப். ஃபேனைப் பராமரிக்க ஏறி இறங்க முடியாதவர்களும் ஹீட் பம்ப் பக்கம் போவதே நல்லது.

எந்த வழியானாலும் சலவை இயந்திரத்தின் பிழியும் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள், செலவில்லாத திருத்தம். பிழிந்தபின் துணியின் எடையில் 70 சதவீதம் தண்ணீர் மிஞ்சினால் 5 கிலோவுக்கு மூன்றரை லிட்டர், 45 சதவீதம் மிஞ்சினால் இரண்டேகால். ஒன்றேகால் லிட்டரை டிரையர் காய்ச்சி அனுப்ப வேண்டியதில்லை.

சுத்தம் செய்யும்போது

ஆண்டுக்கு ஒரு முறையாவது, சமன்நீளம் வரம்பை நெருங்கினால் இரு முறை. டிரில்லில் மாட்டிச் சுழற்றும் தூரிகையும், ஒன்றோடொன்று திருகும் வளையும் கம்பிகளும் கிடைக்கின்றன. கம்பிகளின் மரை வலப்புறம் இறுகுவது. டிரில் எப்போதும் முன்னோக்கியே சுற்ற வேண்டும். தூரிகை சிக்கிக்கொண்டதென்று பதறிப் பின்னோக்கிச் சுற்றினால், நடுவில் எங்கோ ஒரு இணைப்பு கழன்று, தூரிகையும் ஆறடிக் கம்பியும் சுவருக்குள்ளேயே நின்றுவிடும். அதனால் முதலிலேயே ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். ஃபாயில் குழாயிலும் நெளிவுக் குழாயிலும் இந்தத் தூரிகையை விடாதீர்கள், கிழித்துவிடும். அந்தத் துண்டைக் கழற்றிப் புதிதாகப் போடுவதே சுலபம். முடிந்ததும் வெளி மூடியைக் கழற்றிவைத்து, டிரையரைச் சூடில்லாமல் 10 நிமிடம் ஓட்டி, எஞ்சிய பஞ்சை வெளியே தள்ளுங்கள்.

எல்லாம் சரியான அன்று அந்த ஆறு துண்டுச் சோதனையை மறுபடி செய்து, 20 நிமிடத்தில் போன எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் மறையும் குழாய் 35 அடியைத் தாண்டினால், அதன் சமன்நீளத்தை இணைப்பிலிருந்து ஆறடிக்குள் நிரந்தரப் பட்டையில் எழுதி ஒட்ட வேண்டும் என்கிறது விதி. அதே பட்டையில் இந்த எடையையும், எல்போ எண்ணிக்கையையும், தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஆண்டு எண் கால் பங்கு இறங்கியிருந்தால் தூரிகையை எடுக்கும் நேரம் வந்துவிட்டது.